மாமா வாங்கிக்கொண்ட நான்கு ஊசிகள்

திருவிழா முகாம்களில் இரண்டு மேஜை போடாதீர்கள் என்று நான் முப்பத்தொரு வருஷம் எழுதினேன். ஒரு மேஜையில் பெயர் எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். பத்தடி தள்ளி இன்னொரு மேஜையில் ஊசி போட்டு அந்தச் சீட்டில் முத்திரை குத்துவார்கள். நடுவில் கூட்டம். சீட்டில் இருக்கிற ஆளும் ஊசி வாங்குகிற கையும் ஒன்றுதானா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை, உத்தரவும் இல்லை. ஊசி போட்ட இடத்திலேயே பெயரையும் எழுதினால் போதும். ஒரு மேஜை மிச்சம். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வரும். அடுத்த திருவிழாவிலும் இரண்டு மேஜை இருக்கும். சுகாதார இலாகாவில் எத்தனையோ கோளாறு இருக்க, இந்த ஒன்றில் மட்டும் உனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்பார்கள். எட்டு வயதில் எங்கள் மாமா அந்த இரண்டு மேஜைக்கும் நடுவில் நான்கு தடவை நடந்ததைப் பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே வண்டிப் பாதையில் நான்கு மைல். அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் காலரா தலைகாட்டியிருந்தது. திருப்பரங்குன்றத்துப் பங்குனித் தேருக்கு வருகிறவர்கள் ஊசிச் சீட்டுக் காட்டினால்தான் ஊருக்குள் விடுவார்கள் என்று தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேருக்குப் போயே ஆக வேண்டும். இரண்டு வயதுத் தம்பிக்கு அங்கே முடியிறக்குவதாக அம்மா நேர்ந்திருந்தாள். ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று; இனிமேல் தள்ள முடியாது என்றாள்.

ஊசி போடும் முகாம் எங்கள் மந்தைச் சாவடியில் இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் காலையிலேயே அப்பா ஒழுங்காகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் கை வீங்கிக் காய்ச்சலில் முனகத் தொடங்கிவிட்டார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய ஆம்பளைக்கே இப்படின்னா, பச்சப்பிள்ளை தாங்குமா? பால் குடுக்கிற நான் விழுந்தா இவனை யாரு பாக்கிறது?” என்று அவள் கேட்டது அப்பாவிடம் அல்ல, வாசலில் நின்ற தன் தம்பியிடம். மாமா வாசலிலிருந்தே பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகு, “சரிக்கா, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுச் சாவடிக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் ஓடினேன்.

முதல் மேஜையில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் பெயர், வயது கேட்டார். மாமா தன் பெயர், அம்மா பெயர், என் பெயர், தம்பி பெயர் நான்கையும் சொன்னார்.

“ஆளுக எங்கய்யா?”

“பின்னால வாராக.”

நான்கு சீட்டு வந்தது. மாமா ஒரு சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியை இடுப்பில் செருகினார். இரண்டாவது மேஜைக்குப் போய் இடது கையில் ஊசி வாங்கி முத்திரை வாங்கினார். வெளியே வந்து தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார். இப்போது வலது கை. ஊசி போட்டவர் கைகளை மட்டுமே பார்த்தார்; முகம் பார்ப்பது அவர் வேலையில் சேர்த்தி இல்லை. மறுநாள் வீங்கிய இரண்டு கைகளோடும் போய் மீதி இரண்டையும் முடித்தார். அன்று மட்டும் வரிசையில் நின்ற ஒருவர் பார்த்துவிட்டார்.

“என்ன மாப்ள, மறுபடியுமா? அங்கன என்ன, பானகமா ஊத்துறாக?”

“இது என் மருமகளுக்குண்ணே” என்று மாமா என்னைக் காட்டினார். “காது குத்துனது என் மடியில. நாளைக்கு இவ தம்பிக்கு மொட்டை போடப்போறதும் என் மடியில. ஊசி மட்டும் அடுத்தவனா வாங்குவான்? தாய்மாமன் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

வரிசை சிரித்தது. சிரித்ததோடு நிற்காமல், நியாயமாகத்தான் படுகிறது என்று இன்னும் இரண்டு தாய்மாமன்கள் தங்கள் அக்கா தங்கை பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிச் சீட்டு வாங்கப் போனார்கள். முகாம் முடிந்தபோது சீட்டும் ஊசியும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்திருக்கும். எங்கள் ஊரைப் பற்றி மேலிடத்துக்கு நல்ல அறிக்கைதான் போயிருக்க வேண்டும்.

தேரன்று காவலில் நின்றவர் என் சீட்டைப் படித்துவிட்டு, “ஊசி போட்டப்ப அழுதியா பாப்பா?” என்று கேட்டார். “எனக்கு வலிக்கவே இல்லை” என்றேன். முழு உண்மை. தம்பி மாமாவின் மடியில் உட்கார்ந்து வீறிட்டபடி முடியிறக்கிக்கொண்டான். வேண்டுதல் முடிந்தது என்று அம்மா முகம் தெளிந்து வண்டியில் ஏறினாள்.

ஐந்தாம் நாள் விடியும்போது தம்பிக்கு வாந்தியும் பேதியும் தொடங்கின. உச்சிப்பொழுதுக்குள் கண் உள்ளே போய்விட்டது. எங்கள் தெருவிலேயே மேலும் இரண்டு வீடுகளில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள். அப்பா ஆள் அனுப்ப, சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். பின்னால் கிணற்றுக்குப் போடும் மருந்துப் பவுடர் டின் கட்டியிருந்தது.

அவர் முதலில் கேட்டது ஊசிச் சீட்டை. எங்கள் வீட்டில் காட்டினோம். மற்ற இரண்டு வீடுகளிலும் காட்டினார்கள். மூன்று சீட்டிலும் முத்திரை பளிச்சென்று இருந்தது.

“மூணும் ஊசி போட்ட பிள்ளைங்க. இது காலரா இல்லைங்க, அஜீரணம். திருவிழாவுல கண்டதையும் வாங்கிக் கொடுத்திருப்பீங்க” என்றார். காலரா இல்லையென்றால் கிணற்றில் மருந்து போட அவருக்கு அதிகாரம் இல்லை. டின்னை அவிழ்க்காமலே சைக்கிளைத் திருப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த விதிப்படி அவர் செய்தது சரி. சீட்டில் இருந்த பிள்ளைக்குக் காலரா வராது. பாயில் கிடந்த பிள்ளைக்கு வந்திருந்தது.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பெரியவர்களுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

“தம்பிக்கு ஊசி போடலை சார். அவனுக்கும் எனக்கும் சேத்து மாமாதான் போட்டுக்கிட்டாரு.”

இன்ஸ்பெக்டருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

“படிச்சவன்தானே நீ? ஒரு ஆளு சாப்பிட்டா இன்னொருத்தனுக்குப் பசி அடங்குமா?”

“என் புத்தி கெட்டுப்போச்சு சார்” என்றார் மாமா. “அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் நானாச் செஞ்சது.”

அப்பா, தெருவே பார்க்க, மாமாவின் கன்னத்தில் அறைந்தார். “என் பிள்ளை உசுரை வச்சா மாப்ள முறை கொண்டாடுறே?” மாமா, “அடிங்க மச்சான்” என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா வாய் திறக்கவில்லை. அடுத்தடுத்து மற்ற இரண்டு தாய்மாமன்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்து ஒப்புக்கொண்டார்கள். டின் அவிழ்ந்தது, கிணற்றுக்குள் பவுடர் இறங்கியது. திருவிழாவுக்காகப் போட்டிருந்த தொற்றுநோய்க் கொட்டகைக்கு மூன்று பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினார்கள். அங்கே உப்புநீர் ஏற்றினார்கள். எட்டு நாள் மாமாதான் தம்பிக்குக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடவே கிடந்தார். தம்பி பிழைத்தான். இன்னொரு பிள்ளையும் பிழைத்தது. மூன்றாவது பிள்ளை வண்டியிலேயே போய்விட்டது.

ஊரே மாமாவை முட்டாள் என்றது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். நான் இலாகாவில் சேர்ந்த பிறகு, ஊசி பற்றி ஏதோ பேச்சு வந்தபோது அம்மா சொன்னாள்: எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். அம்மை குத்த வந்தவரிடம் அவனை மடியில் வைத்துக் கையை நீட்டிக் கொடுத்தது மாமா. பத்தாம் நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். அந்த மாதம் ஊரில் விஷக்காய்ச்சல் பரவியிருந்தது. அம்மை குத்தாத பிள்ளைகளும் இறந்தார்கள். அம்மை குத்தியதால் அவன் சாகவில்லை என்று எங்கள் இலாகாவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லத்தான் ஒருவரையும் அனுப்பவில்லை. குத்திய எண்ணிக்கை மேலே போய்ச் சேர்ந்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று மாமாவிடம் கெஞ்சியதும் அம்மாதான்.

தம்பி வீடு திரும்பிய பிறகு இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். கிணற்றடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தெருவில் ஒருவர் விடாமல் ஊசி போட்டார். என் முறை வந்தபோது அம்மா மாமாவிடம், “மடியில நீயே வச்சுக்கடா” என்று மட்டும் சொன்னாள். மாமா என்னை மடியில் வைத்து என் கையை நீட்டிப் பிடித்தார். பிடித்த கை நடுங்கியதில் என் வளையல்கள் கிலுகிலுத்தன.

“ஊசி எனக்கு, நடுக்கம் மாமாவுக்கா?” என்றேன் உரக்க.

கிணற்றடியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார். அம்மாவும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கிணற்றுக்கு எதிரே எங்கள் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு மாமாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னேன்.