கோதுக்கு எண்ணெய்

மகளின் மாமனாரை என்னவென்று கூப்பிடுவது என்பது எனக்கு நெடுநாள் பிரச்சினை. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரரையே பெயர் சொல்லி எழுப்புகிறேன். ஆனால் சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வருவதில்லை. அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, திரும்பியதும் கதைக்கத் தொடங்குவேன். பெண்ணைக் கொடுத்தவள் என்ற அடக்கம் வேறு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றால் தனக்கு ஒரு மேலிடம் உண்டு என்பது அந்த டேனிஷ் மனிதருக்குத் தெரியவே தெரியாது. போனால் கோப்பியைக்கூட அவரே போட்டுத் தருவார்.

சம்பந்தியம்மாவோடு நான் ஒருநாளும் ஒழுங்காகக் கதைத்ததில்லை. கலியாணத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். என் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்து அழகு என்றார். நான் நன்றி என்றேன். பிறகு நத்தார் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் சந்தித்தபோதெல்லாம் காற்றைப் பற்றிப் பேசினோம். எங்கள் கடற்கரை நகரமான எஸ்பியர்க்கில் காற்றுக்குக் குறைவில்லை என்பதால் பேச்சு நின்றுபோகவும் இல்லை, ஒரு அடி முன்னால் நகரவும் இல்லை. இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் புற்றுநோயில் போய்விட்டார்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் "அம்மா" என்பதை மட்டும் தமிழில் சொல்லி மிச்சத்தை டேனிஷில் சொல்லுகிற பிள்ளை. மாமாவுக்கு இடது கை விரல்கள் உள்ளே மடங்கிப்போய் ஒப்பரேசன் செய்திருக்கிறார்கள், கை முழுக்கக் கட்டு, சனிக்கிழமை நீ போய் உதவி செய்வாயா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். மாமி போனபின் அவர் வேட்டைக்குப் போகவே இல்லை. மே மாதம் ஆண்மான் வேட்டை தொடங்குகிறது. இந்த முறையும் போகாவிட்டால் வேட்டைத் துவக்கை விற்றுவிடுவேன் என்கிறார். விற்றால் அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே இருந்து முடிந்துபோவார், அம்மா.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "உமக்கென்ன விசரே? அந்த வீட்டிலை துவக்கெல்லாம் இருக்கு," என்றார்.

"ஓம், இருக்கட்டும். நான் சமைக்கத்தானே போறன்," என்றேன்.

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். உதவி என்றால் எங்களுக்குச் சமையல்தான். ஆட்டுக்கறியும் சோறும் கட்டிக்கொண்டு, பஸ் எடுத்து, நகரத்துக்கு வெளியே இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் கறிச்சட்டியை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, என்னைச் சமையலறையைத் தாண்டிப் பின்னாலிருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தடித்த மேசை. அதில் நீளக் கைபிடி வைத்த ஒரு இரும்புக் கருவி பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய, சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் சண்டைக் காலத்தில் இதே பித்தளைக் கோதுகள் ஒழுங்கை மண்ணில் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கி விசில் போல ஊதியதற்கு அம்மா என் கையில் அடித்த அடியை நான் மறக்கவில்லை. அது வீட்டில் இருப்பதை ஆமி கண்டால் யாரை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். சம்பந்திக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஒரு கோதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கீழே போட்டால் மரியாதையில்லை என்பதற்காகவே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கடையில் புதுத் தோட்டா வாங்க முடியாதா?" என்று கேட்டேன். என் டேனிஷ் முதியோர் இல்லத்து டேனிஷ். காது கேளாதவர்களோடு பேசிப் பழகியதால் நான் எதைக் கேட்டாலும் அதட்டுவது போலத்தான் இருக்கும்.

"வாங்கலாம்," என்றார் அவர். "நாங்கள் எப்போதும் வீட்டிலேயே செய்வோம்."

பிறகு விளக்கினார். சுடும்போது கோது வெடிப்பின் வேகத்தில் வீங்கிவிடும். அதைத் திரும்பப் பழைய அளவுக்கு ஒடுக்க வேண்டும். கருவியின் தலையில் ஒரு உருக்கு அச்சு இருக்கிறது. கைபிடியைக் கீழே இழுத்தால் கோது மேலே ஏறி அச்சுக்குள் போய் ஒடுங்கி வரும். உலர்ந்த கோதை அப்படி இழுத்தால் உள்ளேயே இறுகிவிடும். வெளியே எடுக்கப்போனால் அடி விளிம்பு கிழியும், அச்சும் பழுதாகும். இந்த அச்சு அவருடைய தகப்பன் காலத்துத் துவக்குக்கு உரியது, இப்போது எங்கும் செய்வதில்லை. அதனால் ஒவ்வொரு கோதுக்கும் முதலில் எண்ணெய் பூச வேண்டும். அதற்கு இரண்டு கையின் விரல்களும் வேண்டும். கோதுக்குள் வெடிமருந்து போடுகிற வேலையை அவர் பிறகு தனியாகச் செய்வார். அதற்கான அனுமதி அவருக்கு மட்டும்தான், வெடிமருந்து பூட்டி வைத்த அலுமாரிப் பக்கமே எனக்கு வேலையில்லை.

எண்ணெய் என்றதும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது. எண்ணெயைப் பற்றி எங்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அவர் நீட்டிய டப்பாவில் இருந்தது ஆட்டு மயிரில் எடுக்கிற மஞ்சள் பசை. நன்றாக விரலில் அள்ளி, சனிமுழுக்குக்குப் பிள்ளைக்கு வைப்பதுபோல ஒரு கோதை உச்சி முதல் அடிவரை வழியவழியத் தடவினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இழுங்கள் என்றார். இழுத்தேன். வெளியே வந்த கோதின் தோளில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, நகத்தால் அழுத்தியது போல ஒரு பள்ளம்.

"எண்ணெய் கூடிவிட்டது," என்றார். "உள்ளே அதற்குப் போக இடமில்லை. எண்ணெயை நசுக்க முடியாது. அதனால் பித்தளைதான் விட்டுக்கொடுக்கிறது."

நான் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் எண்ணெயைக் கையாண்டவள் நான். அது வழியும், இளகும், எங்கே விட்டாலும் ஒதுங்கிப்போகும். பித்தளையை நசுக்குகிற பலம் அதற்குள் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு சொட்டுப் பசைக்கு முன்னால் உலோகம் பணிந்து நிற்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்ததற்கு வீறாப்பாய்த் துடைத்துத் துடைத்துப் பூசினேன். பாதி ஏறியதும் கைபிடி முரண்டு பிடித்தது. "நிறுத்துங்கள்," என்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. மெல்லப் பின்னுக்கு வாங்கி, கோதை எடுத்து, திரும்பப் பூசச் சொன்னார். மயிரிழையில் தப்பினோம். தோளில் பூசக் கூடாது. கழுத்துக்கு உள்ளே பஞ்சுக் குச்சியால் ஒரு தொடுகை. உடம்புக்கு விரலில் இருப்பது தெரியாத அளவு போதும். தோசைக்கல்லைத் துணியால் துடைத்துவிட்ட பிறகும் மினுங்குகிற எண்ணெய் அளவுதான். அதைப் பிடித்துக்கொண்டபின் கை தானாகப் போனது. கண்ணுக்கே தெரியாத அந்தப் படலத்தின் மேல் உலோகம் உலோகத்துக்குள் வழுக்கிப்போய் வந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. பயந்தவள் நான்தானா என்றுகூட இருந்தது.

கிண்ணம் முடிந்ததும் போகலாம் என்று கையைத் துடைத்தேன். அவர் அசையவில்லை. பிறகு மேல் தட்டிலிருந்து மூடி போட்ட ஒரு மரப்பெட்டியை ஒற்றைக் கையால் இறக்கி என் முன்னால் வைத்துத் திறந்தார். துளைத் துளையாய் இருந்த பலகையில் கோதுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே பசை பூசியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் விரல் ரேகை தெரிந்தது.

"எண்ணெய் பூசுவது எப்போதும் அவளுடைய வேலை," என்றார். "இவற்றைப் பூசி வைத்தாள். அடுத்த நாள் இழுக்க இருந்தோம். அடுத்த நாள் வைத்தியசாலைக்குப் போனோம்."

கடையில் ஏன் வாங்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்று சற்று முன்னர்தான் அவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். காய்ந்திருந்தால் இறுகும், தூசி இருந்தால் அச்சைக் கீறும். துணி என் கையில் இருந்தது. அவர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். துடைக்கச் சொல்லவும் அவரால் முடியவில்லை, இழுக்கச் சொல்லவும் முடியவில்லை. இரண்டு வருடமாக இதே இடத்தில்தான் நிற்கிறார் போலும்.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோதை எடுத்தேன். எண்ணெய் கெட்டதா இல்லையா என்று நாங்கள் பார்க்கிற வழி ஒன்றுதான். மணந்து பார்த்தேன். ஆட்டு மயிர் வாசம், டப்பாவில் இருந்ததைப் போலவே. விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். வழுக்கியது. மூடி இருந்ததால் தூசி இல்லை.

"நன்றாக இருக்கிறது," என்றேன். அதட்டாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இறுகிவிட்டால் எல்லாம் முடிந்தது," என்றார்.

"ஓம்," என்றேன் தமிழில். எனக்கும் அது தெரியும்.

சரி என்று தலையை ஆட்டினார். கோதை வைத்துக் கைபிடியைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு இழுத்தேன். முரண்டு வரும் வரும் என்று கை காத்திருந்தது. வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லாமல் கோது ஏறி இறங்கியது. தோளில் பள்ளமில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நான் பூசியவற்றில் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் வந்தன. இவை எல்லாம் ஒரே போக்கில் போயின. காற்றைப் பற்றி மட்டும் என்னோடு பேசிய அந்தப் பெண்ணுடைய விரலின் நிதானத்தை என் தோள்மூட்டுவரை உணர்ந்தேன். உயிரோடு இருந்தபோது சம்பந்தியம்மாவை அறியாமல் விட்டேனே என்று நினைத்தேன். சாகப்போவது தெரியாமல் ஒருத்தி பூசிவைத்த அளவு இன்னும் கூடாமல் குறையாமல் நின்று வேலை செய்கிறது.

ஆனால் ஒடுக்கிய கோதில் பசை இருக்கக் கூடாது. பசையோடு துவக்கில் ஏற்றினால் ஆபத்து. அது அவர் கற்பித்த கடைசி விதி. நான் துணியை எடுக்கவில்லை. அவரே எடுத்தார். நான் கோதைப் பிடிக்க, அவர் நல்ல கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். முதலாவதற்கு வெகுநேரம் எடுத்தது. ரேகை போய்ப் பித்தளை மினுங்கியது. இரண்டாவதை நீட்டினேன். பிறகு வேகம் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் பெட்டியை மூடி, யன்னல் பக்கம் திரும்பி நல்ல கையைக் கழுவினார்.

"என் அலாரம் மணிக்கூட்டில் பற்றரி இல்லை," என்றார். "வேட்டை தொடங்குகிற அன்றைக்கு விடியமுன் எழும்ப வேண்டும்."

அவர் திரும்பும்வரை நான் காத்திருக்கவில்லை. நான் வாங்கி வருகிறேன் என்று அவருடைய முதுகுக்கே சொன்னேன்.