பெட்டியைத் திறந்து காட்டாத வியாபாரம்

இரண்டு வாரத்துக்கு முன்னால், பாண்டி பஜார் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஷோரூமில் போய் உட்கார்ந்துவிட்டேன். வாங்க இல்லை. திருப்பிக் கொடுக்க. ஏ.சி. குளிரில் முட்டி இரண்டும் விறைத்துப்போயிற்று. எழுந்திருக்கவில்லையே!

டை கட்டிய மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார்.

"மேடம், சீல் ஒடைச்சா வாரண்டி போயிடும். கம்பெனி ரூல்."

"ஒடைக்காம உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேண்டாம் மேடம். அதுக்குத்தானே கம்பெனி இருக்கு."

கேட்டீர்களா? எனக்குத் தெரிய வேண்டாமாம். என் கல்யாண வளையல் ஒரு ஜோடி, அந்தப் பெட்டியாக மாறி என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது... எனக்குத் தெரிய வேண்டாமாம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். அவசரப்படுத்தினால் எனக்கு எழுத வராது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். பொங்கல் முடிந்த கையோடு பக்கவாதம் வந்தது. கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டது. பேச்சுதான் திரும்பவில்லை. எது கேட்டாலும் "உம்". இல்லாவிட்டால் "ஊஹும்". மனசுக்குப் பிடித்ததைச் செய்ய விடுங்கள், வாய் தானாகத் திறக்கும் என்றார் டாக்டர். இவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று – வண்டி ஓட்டுவது. எந்த வண்டியைக் கையில் கொடுப்பேன்?

மாடியில் ஒரு பாங்க்காரர் குடியிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட்டு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை அதன் முன்னால் உட்காரவைத்தார். வளைவு ஒன்று வந்தது. "பிரேக்" என்றார் இவர். குழறலாகத்தான்... ஆனால் பிரேக்!

அடுத்த மாதமே பாங்க்காரருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல். கம்ப்யூட்டரும் லாரி ஏறிப் போயிற்று. இவர் மறுபடியும் "உம்".

வளையலைக் கழற்றினேன்.

ஷோரூமில் அட்டைப்பெட்டி மேலேயே சிவப்பு ரேஸ் கார் படம். கேம்ஸுக்கென்றே கம்பெனி செய்த மெஷின் என்றார்கள். கார் ரேஸ் ஓடுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சூப்பராக ஓடும் என்றார்கள். ஓடியது... பங்குனித் தேர்கூட அதைவிட வேகமாக மாட வீதி திரும்பும்! இவர் பட்டனை அமுக்கி, கார் யோசித்து, திரும்புவதற்குள் சுவரில் மோதிவிடும். இரண்டு நாள் பார்த்தார். கீபோர்டைத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் விடுவேனா? ஷோரூமுக்குப் போன் மேல் போன். கடைசியில் வாயைத் திறந்தார்கள். இந்த விளையாட்டில் படம் வேகமாக ஓடத் தனியாக ஒரு கார்டு வேண்டுமாம். சரி, கொடு. அதைச் செருக உள்ளே இடமே கிடையாதாம். அப்புறம் எதற்கய்யா பெட்டி மேல் ரேஸ் கார் படம்?

முப்பது வருஷம் வீடு வீடாகப் புடவை விற்றவள் நான். மந்தைவெளியில் ஆரம்பித்து அடையாறு வரை என் கால் படாத தெரு இல்லை. முந்தானையைப் பிரித்து, உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினால்தான் வியாபாரம். எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்பார்கள். மடித்து மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். "மடிப்பைப் பிரித்தால் நான் பொறுப்பில்லை" என்று ஒரு நாள் சொல்லியிருந்தால்? விளக்குமாறு வந்திருக்கும். அதையே டை கட்டிக்கொண்டு சொன்னால் ரூல்!

அன்றைக்கு ஷோரூமில் பணம் திரும்பவில்லை. பெட்டியோடு ஆட்டோ ஏறினேன். நேரே ரிச்சி தெரு.

அங்கே யூசுப் என்று ஒருத்தர். உதிரி சாமான் வாங்கி, கேட்கிற மாதிரி கம்ப்யூட்டர் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். சீலை அவர் தொடவில்லை. நான்தான் கிழித்தேன் – நகத்தால்.

மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா ஆயா இது... வூடு பெர்சா கீது, உள்ள ஆளே இல்லியே."

பாதிப் பெட்டி காலி.

தேறுகிற சாமானை வைத்துக்கொண்டு, கார்டு செருக இடம் உள்ள போர்டாக மாற்றினார். கார்டைப் போட்டார். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு என்ன புரியும்? ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் காட்டினார் அல்லவா! முதலிலேயே அங்கே போயிருந்தால், இன்னும் நல்ல மெஷினும் வந்திருக்கும், ஒரு வளையலும் கையில் மிஞ்சியிருக்கும்.

யூசுப் மகா யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. பில் கேட்டதற்குச் சிரித்தார். நான்காம் நாளே மெஷின் நின்றுபோயிற்று. போன் பண்ணினால், "தோ வந்துகினே கீறேன் ஆயா". மூன்று நாளாக வந்துகொண்டே இருந்தார்! வந்ததும் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டே சரி பண்ணிவிட்டுப் போனார். திட்ட ஒரு முகமாவது இருக்கிறது. கம்பெனிக்கு முகம் எங்கே இருக்கிறது?

லெட்டர் அடிக்கிறவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள் கம்பெனிப் பெட்டியை வாங்கிக்கொள்ளட்டும். நான் தடுக்கவில்லை. விளையாடத்தான் வேண்டும் என்றால், மூடியைத் திறந்து காட்டாத இடத்தில் பர்ஸைத் திறக்காதீர்கள்.

முந்தாநாள் சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். இவர் கார் ரேஸில் இருந்தார். எவனோ ஒருத்தன் குறுக்கே காரை விட்டிருக்கிறான்.

"டேய் கஸ்மாலம்... வூட்ல... சொல்லிக்கினு வந்தியா?"

கரண்டியோடு ஓடினேன். மூஞ்சி சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஏழு மாதம் கழித்து ஒரு முழுப் பேச்சு!

இன்னொரு தரம் திட்டச் சொல்லிக் கேட்டேன்.