மஞ்சள் துணி கட்டிய வேம்பு

பள்ளிக்கூடத்தில் நான் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. வாழைத்தார் லோடு ஏற்றிப் பிழைக்கிறவன். என் மகள் அப்படியில்லை, நன்றாகப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேப்பங்கன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முற்றத்தில் நட்டாள். அதற்கு ஊற்றிய தண்ணீரில் பாதியை என் தலையில் ஊற்றியிருந்தால் நானும் ஒரு முழம் வளர்ந்திருப்பேன். மறு வருசம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மரம் வளர்ந்தது.

என் மனைவி காலையில் விழிப்பது அந்த மரத்தின் முகத்தில்தான். என் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஒரு கொப்பு மட்டும் பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் சாய்ந்து கனத்துக் கிடந்தது. "ஆடிக் காத்து வருதப்பா, அதை மட்டும் இறக்கிரு" என்றார் அந்த வீட்டுக்காரர். ஆனால் என் இடத்து மரத்தில் நான் அரிவாள் வைக்கவும் நகராட்சி அனுமதி வேண்டுமாம். போய்ச் சொன்னேன். ஆபீசர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்பச் சாஞ்சிருக்கேப்பா."

"நானும் சாயங்காலமானா இப்படித்தாங்கய்யா சாஞ்சு நிப்பேன். யாரும் வெட்டலையே!"

சிரித்துவிட்டு, கொப்பை மட்டும் வெட்ட அனுமதி தருவதாகச் சொல்லிப் போனார்.

என் மனைவி நம்பவில்லை. "ரோட்டோரப் புளியமரத்தையும் இப்படித்தான் கொப்புன்னு ஆரம்பிச்சாக. வேரோட சாச்சுட்டுல்ல போனாக!"

வெள்ளிக்கிழமை மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டினாள். "இனி எவன் தொடுறான்னு பாக்குறேன்."

"எனக்கும் ஒரு பொட்டு வையாத்தா. லோடு தூக்கக் கூப்பிட மாட்டாக" என்றேன்.

தெருப் பெண்கள் விளக்கேற்றத் தொடங்கினார்கள். அனுமதி வந்தது. மரம் வெட்டுகிறவர் கயிற்றோடு வந்தார். துணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஆத்தா இருக்குற மரம்ணே. நான் புள்ளகுட்டிக்காரன்."

"அட, அது எம் பொண்டாட்டி வச்ச ஆத்தாப்பா!"

"யாரு வச்சா என்னண்ணே, வந்து உக்காந்துட்டாள்ல?"

துணியை அவிழ்க்கச் சொல்லி மனைவியிடம் கெஞ்சினேன். அதற்குள் அவளுக்கே பயம் வந்திருந்தது. "கட்டுனதை அவுக்கக் கூடாதுய்யா."

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு மத்தியானம், அந்தக் கொப்பின் கனமே மரத்தை வேரோடு இழுத்துச் சாய்த்தது. பக்கத்து வீட்டில் அப்போது ஆள் இல்லை. வயலிலிருந்து ஓடிவந்த வீட்டுக்காரர் நசுங்கிய கூரையைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார்.

அவள் வேர்ப்பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து, துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கொப்பை வெட்ட விட்டுருந்தா மரம் நின்னுருக்கும்லய்யா?"

சாய்ந்து கிடந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏதாச்சும் சொல்லுய்யா. எப்பவும் எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வைப்பியே."

மகள் போன அன்றுகூடத் துக்கம் கேட்க வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பியவன் நான். மரம் சாய்ந்த அன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.