மச்சாள் காலி செய்யாத குப்பைத்தொட்டி

எங்கள் வீட்டுக்கு மச்சாளும் கொம்பியூட்டரும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். கொம்பியூட்டர் வரவேண்டும் என்று நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன். மச்சாளைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அடம்பனில் வயல் செய்துகொண்டிருந்தார். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊர் திரும்பிய குடும்பம். வீடு இன்னும் தகரக் கொட்டில்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டு முடியவில்லை. அதனால் அவருடைய மகளைப் பேசாலையில் எங்கள் வீட்டில் விட்டுப் படிப்பித்தார்கள். மச்சாள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஒரு சூட்கேசும் இரண்டு சோடி உடுப்பும் கொண்டுவந்தாள். அவற்றோடு, யார் எதைச் சொன்னாலும் தலையைச் சரித்து ‘ஓம்’ என்று சொல்கிற ஒரு குணத்தையும் கொண்டுவந்தாள். அந்தக் குணம்தான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

கொம்பியூட்டர் சித்தியுடையது. அம்மாவின் தங்கையான சித்தி அப்போது கலியாணம் முடிக்காமல் எங்களோடு இருந்தார். மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் வேலை; அங்கே வருடக்கணக்காய் அவர் பாவித்த கொம்பியூட்டரைத்தான் விலைக்கு வாங்கி வந்திருந்தார். பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கியதும், ஊர்ச்சனம் கடிதம் அடிக்கவும் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கவும் வாசலில் நிற்கும். வீடமைப்பு விண்ணப்பம், வலை எரிந்ததற்கு முறைப்பாடு, வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையின் பத்திரங்கள் என்று எல்லாம் எங்கள் கொம்பியூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிழமை முடிவதற்குள் அது மூச்சுவாங்கத் தொடங்கிவிடும். ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால், நாங்கள் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

“ஆற்ற கடுதாசியும் எங்கட வீட்டில தங்கக் கூடாது” என்பார் சித்தி. சனிக்கிழமைதோறும் வேலை முடிந்த பத்திரங்களையும், இரண்டு தரம் இறக்கிய பாட்டுகளையும், தேவையில்லாமல் சேர்ந்துகிடக்கும் மற்றவற்றையும் தேடித்தேடி அழிக்கவேண்டும். அழித்தவை எல்லாம் திரையின் மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் போய்ச் சேரும். கடைசியில் அந்தத் தொட்டியைக் காலி செய்தால்தான் அவை உண்மையில் போகும். காலியாகும்போது கடதாசியைக் கசக்குவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை என் கையால் ஒருமுறை வரவைக்கவேண்டும் என்று எனக்கு உயிர் துடிக்கும்.

அந்த வேலை முதலில் என்னிடம்தான் வந்தது. இரண்டே இரண்டு சனிக்கிழமை செய்தேன். இரண்டாவது சனிக்கிழமை, பக்கத்து வீட்டு மாமியின் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்ததில் அவவின் பிறந்த வருடம் கண்ணில் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தனக்கு முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவவுக்கு நாற்பத்தாறு. இதைத் தண்ணீர்க் குழாயடியில் நின்ற நாலு பேருக்குச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. பக்கத்து வீட்டு மாமி ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. சித்தி பாஸ்வேர்டை மாற்றி மச்சாளிடம் கொடுத்தார்.

“அவள் கண்டதையும் திறந்து பாக்க மாட்டாள்” என்று அம்மாவிடம் சித்தி சொன்னது எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னதுபோல இருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமைகள் எனக்கு நஞ்சாகிப் போயின. மச்சாள் முகம் கழுவி, பவுடர் போட்டு, பூசைக்குப் போகிறவள்போலக் கதிரையில் ஏறி உட்காருவாள். சித்தி அவளுக்குப் பின்னால் நின்று தலை பின்னிவிடுவார். சிலவேளை பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, அவளுடைய நாடியைப் பிடித்துத் திருப்பி, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கும் நாடி இருந்தது. அதை யாரும் பிடித்துத் திருப்பவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். என் நாடி வடிவாகத்தான் இருந்தது. மச்சாளுடையது நடுவில் குழி விழுந்த நாடி. அதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க, எனக்குத் தெரிந்த புனிதர்களின் பேரையெல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒரு புனிதரும் கைகொடுக்கவில்லை. மச்சாளிடம் நேரே கேட்டேன்.

“சித்தி சொல்ல வேண்டாம் எண்டவ” என்றாள்.

“எனக்கும் சொல்ல வேண்டாம் எண்டவவோ?”

“உனக்குத்தான் சொல்ல வேண்டாம் எண்டவ” என்றாள். அதைச் சொல்லும்போதுகூட அவளுடைய குரலில் ஒரு பெருமையும் இல்லை. பெருமை இருந்திருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுவிசில். அவருடைய தாயும் தமக்கையும் வங்காலையில். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லாரும் இருந்து, மாப்பிள்ளையோடு கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைப்பது என்று ஒழுங்கானது. வீட்டில் பெரிய பயம் கொம்பியூட்டரைப் பற்றித்தான். முந்திய கிழமை கனடாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் கதைத்தபோது, அவர் வாயைத் திறந்தபடி ஐந்து நிமிடம் அசையாமல் நின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா சித்தியிடம் சொன்னார்: “வாற ஆக்கள் கொம்பியூட்டருக்கு முன்னாலதான் இருக்கப் போயினம். பார்த்து ஏதும் கேக்கிற மாதிரி ஒண்டும் கிடக்கக் கூடாது. உதுகளை எல்லாம் எடுத்துவிடு. எத்தினை வருஷத்துக்கு உதுகளை வைச்சிருக்கப் போறாய்?”

சித்தி எழும்பிப் போனார். கொம்பியூட்டருக்கு முன்னால் தனியே உட்கார்ந்தார். நான் வாசல் சீலையின் இடுக்கால் பார்த்தேன். அவருடைய முதுகுதான் தெரிந்தது. இடைக்கிடை மவுஸின் ‘டக்’ என்ற சத்தம். ஒரு ‘டக்’குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நெடுநேரம். இவ்வளவு ஆறுதலாகச் செய்தால் எப்போது முடிப்பது, நான் என்றால் ஒரு நொடியில் முடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை சித்தி மீன் வாங்கப் புறப்படுமுன் மச்சாளைக் கூப்பிட்டு, அவளுடைய காதில் ஏதோ சொன்னார். மச்சாள் கொம்பியூட்டர்த் திரையின் மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைச் சரித்து ‘ஓம்’ என்றாள். எனக்குச் சொல்லக்கூடாத ஒன்று என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், இன்னொருத்தியின் காதுக்குள் போகிறது. அன்று காலைப் பாணை நான் தின்னவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

மச்சாள் பத்து மணிவரை இருந்து துப்புரவாக்கினாள். நான் பக்கத்துச் சுவரோடு சாய்ந்து, அந்தக் கசக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவேயில்லை. மச்சாள் எழும்பி, பெருமூச்சு விட்டு, துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து செய்த முதல் பிழை அதுதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கொம்பியூட்டர் திறந்தபடி கிடந்தது. ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். நிறைந்து வழிந்தது. விண்ணப்பங்கள், அடையாள அட்டைகள், பாட்டுகள். அவற்றுக்குக் கீழே சின்னச் சின்னதாகப் படங்கள். கனக்கப் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள். அவற்றில் ஒன்றை மட்டும் வெளியே எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடு மாதா கோயில் திருவிழாவில் எடுத்தது. மரங்களுக்குக் கீழே கூடாரம். அதற்கு முன்னால் தோளில் துவாயோடு ஒரு இளம் அண்ணன், வாயில் பாதி கடித்த இனிப்புப் பணிசை வைத்துக்கொண்டு, எடுக்காதே என்று கையைக் காட்டிச் சிரிக்கிறார். நாடியில் ஒரு குழி. யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் படவில்லை. என் மூளை முழுக்க மச்சாளிடம் இருந்தது.

செய்யவேண்டியது உடனே விளங்கியது. அந்தப் படத்தைத் திரை முழுவதும் வருகிற பின்னணிப் படமாகப் போட்டேன். ஆட்கள் வந்து திரையைப் போட்டதும், மச்சாள் துப்புரவாக்கிய இலட்சணம் எல்லாருக்கும் தெரியும். பிறகு அவள் விட்ட குறையை நானே முடித்தேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்யவா என்று கொம்பியூட்டர் கேட்டது. ஆம் என்றேன். அந்தச் சத்தம் வந்தது. கேட்க நன்றாக இருந்தது. திரையை அணைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக வாசல் கூட்டப் போனேன்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் வந்தார்கள். அப்பா பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய கதிரைகளில் அவர்களை இருத்தினார். கேக்கும் பயற்றம் பணியாரமும் வந்தன. சித்தி நீலச் சேலையில் தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது, அம்மா மச்சாளிடம் திரையைப் போடச் சொன்னார். மச்சாள் போட்டாள்.

பணிசை வாயில் வைத்தபடி அந்த அண்ணன் வீடு முழுவதையும் பார்த்துச் சிரித்தார்.

மச்சாள் திரையின் முன்னால் அப்படியே நின்றாள். மாப்பிள்ளையின் தமக்கை கேட்டார்: “உது ஆர்?”

“அது... அது சும்மா, கொம்பியூட்டரோட வந்த படம்” என்றார் அம்மா.

சித்தி தட்டை மேசையில் வைத்தார். “இல்லை. எங்கட அண்ணியின்ர தம்பி. மன்னாருக்கு எண்டு வந்தவர், திரும்பிப் போகேல்ல. இன்னும் ஒரு தகவலும் இல்லை.”

மாப்பிள்ளையின் தாய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “எங்கட வீட்டிலயும் ஒராள் அப்பிடித்தான் பிள்ளை” என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வரவேண்டிய ஏச்சு வரவில்லை, மச்சாள் தப்பிக்கொண்டிருக்கிறாள். “மச்சாள் சரியாத் துப்புரவாக்கேல்ல, சித்தி! எல்லாத்தையும் குப்பைக்குள்ளயே விட்டிட்டுப் போனவள்!” என்றேன். அப்பா என் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

பிறகு மாப்பிள்ளை திரையில் வந்தார். கதைத்தார். ஒரு இடத்திலும் சிக்காமல், குரலும் முகமும் ஒன்றாகவே வந்தன. அது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும்.

வந்தவர்கள் போனபின் சித்தி என்னைக் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. என் உயரத்துக்குக் குனிந்து கேட்டார்: “அந்தப் படத்தை எங்கயிருந்து எடுத்தனி?”

“குப்பையிலயிருந்து.”

“மற்றதுகள்?”

“எல்லாத்தையும் துப்புரவா அழிச்சிட்டன், சித்தி. மச்சாள் மறந்திட்டாள், நான்தான் செய்தனான். அதாலதான் இண்டைக்கு நிக்காம ஓடினது.”

சித்தி குப்பைத்தொட்டியைத் திறந்தார். வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. மூடினார். மறுபடி திறந்தார். பிறகு என் தலையைத் தடவி, “சரி. நீ செய்தது சரிதான்” என்றார். நான் திரும்பி மச்சாளைப் பார்த்தேன். அவள் பார்க்கவேண்டும் என்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை சித்தி கந்தோருக்கு லீவு போட்டார். கொம்பியூட்டர்ப் பெட்டியை ஒரு பெட்சீற்றில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, டவுனில் திருத்துகிற ஒருவரிடம் போனார். மிச்சமிருந்ததையும் துப்புரவாக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அந்த அண்ணனுக்கும் சித்திக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள் என்பதும், அவரைத் தூக்கி வளர்த்த அக்காவான அடம்பன் மாமியின், அதாவது மச்சாளுடைய தாயின், வீட்டு அல்பங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன என்பதும், அவருடைய முகம் இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது எங்கள் கொம்பியூட்டருக்குள் மட்டும்தான் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது, சித்தி சுவிசில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அடம்பனில் மாமி வீட்டுச் சுவரில் ஒரேயொரு படம் மாலையில்லாமல் தொங்குகிறது. பணிசோடு சிரிக்கிற படம். அதை மிச்சம் பிடித்துக் கொடுத்தவள் என்று மாமி இன்றைக்கும் என்னைப் பிரியமாகத்தான் பார்க்கிறார். நானும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை சித்தி பெட்டியோடு திரும்பி வந்தபோது, மச்சாள் வாசல் படலையடியில் காத்துக்கொண்டு நின்றாள். சித்தி அவளைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் அசைத்தார். மச்சாள் வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், கொடியில் காய்ந்த சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் எங்கள் வீட்டில் அழுதது அதுதான் முதல்தடவை. எனக்கு அந்த அழுகை நன்றாகத் தெரியும். பல சனிக்கிழமைகள் அதே கொடிக்குப் பின்னால் நின்று நானும் அழுதிருக்கிறேன். சித்தி என் தலையைத் தடவியதை அவளால் தாங்கமுடியவில்லை, பாவம்.

எனக்கு மனம் இரங்கிவிட்டது. கிட்டப்போய் அவளுடைய கையைப் பிடித்து, “அழாதை மச்சாள்” என்றேன். “வாற சனிக்கிழமை குப்பையை நீயே காலி செய். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”