மான் பரண் வாங்கப் போன இடத்தில்

இன்று சங்ககிரி ஆசாரி பட்டறைக்குப் போனேன். எங்கள் கடலைக்காட்டை மேயும் மான்களைச் சுட, தூக்கிப் போய் மரத்தில் சாத்தும் ஏணிப் பரண் தேவைப்பட்டது.

எடை குறைந்த மூங்கில் பரணில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போது ஒரு பெண் அதே போன்ற பரணை மாட்டுவண்டியிலிருந்து இறக்கினாள்.

"ஏனுங்க ஆசாரி, இதை நீங்களே வெச்சுக்கங்க. இதுல ஏறுன எங்கூட்டுக்காரரு ஊடு வந்து சேரலீங்க."

"தேடிப் பாத்தீங்களா?"

"துப்பாக்கி மட்டும் பரண் மேலயே இருந்துதுங்க."

அவள் இறக்கிய பரணின் ஏணிப்படிகளில் உச்சிவரை நகக்கீறல்கள்.

"சிறுத்தைங்க," என்றார் ஆசாரி.

மெல்ல இறங்கினேன். அவள் போனதும் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "தேக்குப் பரண் இன்னும் ரெண்டு முழம் உசரமுங்க."

வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். சிறுத்தை ஏறாத உயரம் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.