ஓட்டை போட்ட நாற்காலி

சோலோ நகரில் டாக்டர் பாலுபிக்குத் தெரியாத முழங்கால் கிடையாது. சந்தையில் மூட்டை சுமக்கிற பெண்கள், பத்திக் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைக்காரர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் என்று, படியேறும்போது முகம் சுளிக்கிற எல்லோரும் ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அங்கேதான் அவருடைய ஆய்வுக்கூடம். தாய்மார்கள் சம்மதித்துக் கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்து, தேய்ந்த மூட்டுக்குள் ஊசியாகப் போடுவார். தேய்ந்த இடம் அதனால் துளிர்க்குமா என்பதுதான் அவர் ஆயுசையே தின்ற கேள்வி.

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் தொழுகையில் நெற்றி தரையில் பட முடியாமல், பள்ளிவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்தவர். அதைப் பார்த்த மகள் எலும்பு வைத்தியம் படித்தாள், ஜப்பான் போனாள், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கேட்கிறவர்களையே ஓயவைத்தாள். திரும்பி வந்தபோது ஆய்வுக்கூடத்துக்கு இடமில்லை என்று கையை விரித்தார்கள். ஆஸ்பத்திரி இயக்குநர் சுனார்யோ தன் சொந்த அறையைக் காலி செய்து கொடுத்தார். பெற்ற தகப்பன்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டார்.

ஜப்பான் பேராசிரியர் ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். ஊசி போட்டவரே வலி எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது, வேறு யாராவது கேட்கட்டும் என்று. பாலுபி சிரித்துக்கொண்டார். எங்கள் ஊர் ஜனங்கள் வேற்று ஆளிடம் வாயே திறக்க மாட்டார்களே. அதனால் அவரே கேட்டார். நோயாளிகளும் வாயைத் திறந்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர், "இப்ப தேவலை டாக்டரம்மா" என்றார்கள். எக்ஸ்ரே படங்களில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வலி போனால் போதாதா, படம் மெதுவாக மாறட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்படிச் சொன்னவர்களில் நட்சத்திரம் வாகிரா என்ற சந்தைக்காரப் பெண். முப்பது வருஷம் முட்டைக்கோஸ் மூட்டை சுமந்த முதுகு, வெற்றிலைச் சிவப்புச் சிரிப்பு. கூட்டம் நடக்கும் இடத்துக்கெல்லாம் பாலுபி அவரை அழைத்துப் போவார். எல்லோர் முன்னாலும் வாகிரா குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்திருப்பார். கைதட்டல் பறக்கும்.

வாகிராவின் மகள் கல்யாணத்துக்குப் பாலுபி போனார். சாப்பாடு முடிந்து, பின்கட்டில் இருந்த கக்கூஸுக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தரையோடு பதித்த பீங்கானின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்காரும் இடத்தில் வட்டமாக ரம்பத்தால் அறுத்த ஓட்டை. ஓரம் குத்தாமல் இருக்கப் பழைய துணி சுற்றியிருந்தது.

பின்னாலேயே வாகிரா ஓடிவந்தார். ஓடிவந்தார் என்பதுகூடத் தப்பு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"மன்னிச்சிருங்க டாக்டரம்மா. இத ஒளிச்சு வைக்கச் சொன்னேன். கல்யாண வேலைல மறந்துட்டாளுங்க."

"யாருக்கும்மா இது?"

வாகிரா சிரித்தார்.

"உங்களால உக்கார முடியலையா?"

"உக்காந்துருவேன். எந்திரிக்கத்தான் ஆள் வேணும். மேடையில மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சிருவேன்."

"என்கிட்ட நல்லாயிடுச்சுன்னீங்களே."

"பின்ன என்னத்தச் சொல்றது? காரு அனுப்புறீங்க, பக்கத்துல உக்காரவச்சுச் சோறு போடுறீங்க. உங்க முகத்தப் பாத்து இல்லைன்னு சொல்ல வாய் வருமா? நாங்க எல்லாரும் வெளிய பெஞ்சுலயே பேசிக்கிட்டுத்தான் உள்ள வருவோம். பாவம், இந்தப் பொண்ணு கல்யாணம்கூடக் கட்டாம பாடுபடுது, மனசு நோகடிக்கக் கூடாதுன்னு."

முகதாட்சண்யம். சோலோக்காரர்கள் தாய்ப்பாலோடு குடிப்பது அது. பாலுபியும் அதே பாலைக் குடித்தவர்தான். "தேவலை" என்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு சிறிய இடைவெளி விட்டுச் சிரித்தார்களே, அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியாதா? தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொண்டது அவர் குற்றம்தான், வேறு யாருடையதும் அல்ல. வீடு போகும் வழியெல்லாம் அது நெஞ்சைக் குடைந்தது.

அடுத்த வாரம், அதுவரை இலவசமாகப் போட்ட ஊசியைக் காசுக்குப் போடும் புதுப் பிரிவின் திறப்பு விழா. வயலை விற்றுக்கொண்டு வர ஆட்கள் தயாராக இருந்தார்கள். பாலுபி சுனார்யோவின் அறைக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் அவர் அன்பாகக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினார். "எல்லாம் சரிதானேம்மா?" என்று கடைசியாக அவர் கேட்டபோது, ஒரு சிறிய இடைவெளி விட்டுச் சிரித்து, "சரிதான் ஐயா" என்றார்.

விழா அன்று இயக்குநரே கார் அனுப்பி வாகிராவை வரவழைத்துவிட்டார். மேடையில் வாகிரா பாலுபியைப் பார்த்து, கவலைப்படாதே என்பதுபோலத் தலையாட்டினார். தடுக்க ஒரு நொடி இருந்தது. பாலுபி அந்த நொடியை விட்டுவிட்டார். வாகிரா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"தரை நல்லா சில்லுன்னு இருக்கு, இங்கயே கடை போட்டுரலாம் போல" என்றார் கூட்டத்தைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

பாலுபி ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்தார். "யாருக்கும் தெரியாத மாதிரி தூக்குங்க டாக்டரம்மா" என்று வாகிரா அவர் காதருகே சொன்னார். தூக்கி நிறுத்திவிட்டுப் பாலுபி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என் ஊசி வேலை செய்யல. இதை விக்கக் கூடாது."

கூட்டம் நெகிழ்ந்துபோய்க் கைதட்டியது. எவ்வளவு பெரிய டாக்டர், என்ன அடக்கம். சுனார்யோ எழுந்து, "எங்க பாலுபி எப்பவும் இப்படித்தான், நிறைகுடம் தளும்பாது" என்று பெருமையாகச் சொன்னார். நல்ல பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே தாழ்த்திச் சொல்வதுதானே அந்த ஊர் வழக்கம்.

மரியாதையாகச் சொன்னால் இவர்கள் காதில் ஏறாது என்று பாலுபிக்கு அப்போது புரிந்தது.

"இவங்க வீட்டுக் கக்கூஸ்ல நாற்காலியில ஓட்டை போட்டு வச்சிருக்காங்க. அதுலதான் போறாங்க. நான் கண்ணால பாத்தேன். ஊசி போட்டுக்கிட்ட யாருக்கும் குணமாகல. எனக்காகப் பொய் சொன்னாங்க, நானும் அதை நம்பினமாதிரி நடிச்சேன்."

கைதட்டல் நின்றது. சுனார்யோ நாற்காலியில் சரிந்து தரையைப் பார்த்தார். வாகிரா தோளில் கிடந்த மூட்டை கட்டும் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றைக்குப் பாலுபி தன் காரிலேயே அவரைக் கொண்டுபோய் விட்டார்.

"சந்தையில அத்தனை பேரும் இனிமே அந்த நாற்காலியத்தான் பேசுவாங்க" என்றார் வாகிரா ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "வலிக்குதுன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லிப் பாத்தேன்மா. கேக்கலை." பாலுபி காரின் வேகத்தைக் குறைத்தார். "என்னை மன்னிச்சிருங்க. கால் இப்ப எப்படி இருக்கு?"

இந்தத் தடவை இடைவெளி இல்லை, சிரிப்பும் இல்லை.

"வலிக்குது" என்றார் வாகிரா. "நீங்க ஊசி போட்டப்புறமும் ஒருநாள்கூட வலிக்காம இருந்ததில்ல."