யாரு தொட்டது?

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீசில் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவர் ‘யாருதொட்டது’தான். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் நெட் படுத்துக்கொண்டாலும், “என்ன ஆச்சு?” என்று அந்த மனிதர் கேட்டதே கிடையாது. வாயைத் திறந்தால் “யாரு தொட்டது?”தான். ஸ்கேன் மையத்தின் நெட்வொர்க் முழுக்க அவர் பொறுப்பு. தன் நிழலையே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

இப்போது கிளையிலிருந்து பெரிய டாக்டருக்கு ஸ்கேன் படங்கள் போய்ச் சேரவில்லை. இரண்டு ஆபீசுக்கும் நடுவே, வெளியார் கண்ணில் படாமல் போட்ட மறைவு வழியான விபிஎன் நன்றாகத்தான் இருந்தது. படம் மட்டும் நூலளவு நகர்ந்து அப்படியே நின்றுவிடும். அங்கிருந்து அனுப்புகிறவன் நம்மாளின் மனைவியின் தம்பி. “உங்க மச்சான் வேணும்னே நிறுத்துறான். சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்,” என்றார் மேனேஜர். மேனேஜர் காதில் இதை ஓதியதே நம்மாள்தான். மச்சானைக் கல்யாணத்தன்றே அவருக்குப் பிடிக்கவில்லை.

“என் தம்பி வேலை போச்சுன்னா அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க,” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

கிளைக்குப் போனதும் கேபிள் முனையில் டேப்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போட்டார்.

“எதுக்கு அத்தான் இது?”

“காரணமாத்தான். ரெண்டு கையையும் மேசை மேல வை.”

“மூச்சாவது விடலாமா?”

அவர் தானே உட்கார்ந்து அனுப்பிப் பார்த்தார். குட்டி ரிப்போர்ட் ஒன்று சட்டென்று போனது. படம் நின்றது. டேப்பு பிரியவில்லை, மச்சான் கை அசையவில்லை. சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதால், முதல்முறையாக ‘என்ன ஆச்சு?’ என்று யோசித்தார்.

விபிஎன்னில் எதுவும் துண்டு துண்டாகத்தான் போகும்; ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஓர் உறை ஏறும். குட்டி ரிப்போர்ட் நுழைந்துவிடும்; உறையோடு பருத்த படத் துண்டு வழியில் நுழையாது. ‘பெரிசா இருக்கு, வெட்டி அனுப்பு’ என்று ரௌட்டர் திருப்பிச் சொல்லும், கம்ப்யூட்டரும் வெட்டி அனுப்பும். அந்தச் சேதி எங்கே போயிற்று? வருவதையெல்லாம் சோதித்து விடும் ஃபயர்வாலைத் திறந்தார். வெளியிலிருந்து வரும் அந்த மாதிரிச் சேதி எல்லாவற்றையும் வாசலிலேயே தடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு இருந்தது. கிளைக்குப் புது இணைப்பு கொடுத்த கையோடு, இதெல்லாம் யார் அனுப்புகிறார்கள், உள்ளே எதற்கு என்று சந்தேகப்பட்டு அவரே போட்டது.

உத்தரவைத் திருத்தினார். படம் கடகடவென்று ஓடிச் சேர்ந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போன் அடித்தது. மேனேஜர்.

“படம் வந்திருச்சுய்யா! நான் அப்பவே சொன்னேன்ல? சொல்லு, யாரு தொட்டது?”

அந்தக் கேள்வி இப்படிச் சுடும் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது. மச்சானைப் பார்த்தார். கை இரண்டும் இன்னும் மேசை மேல்தான் இருந்தன.

“நான்தான் சார் தொட்டேன். அவன் தொடல,” என்றார். போனை வைத்துவிட்டு, “கையை எடுத்துக்கோ மச்சான்,” என்றார்.